நூற்றுப் பதினைந்தாம் பாடம்

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசைப்படுகிறவர்கள், அதற்கு முன்னால் கல்லூரியில் ஒரு கணக்குப் பாடம் படித்துத் தேற வேண்டும். அந்தப் பாடத்துக்கு ஆற்றங்கரைக் கல்லூரியில் 104 என்று எண். மலைக் கல்லூரியில் 210. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாலைக் கல்லூரியில் 31. மூன்று இடத்திலும் புத்தகம் ஒன்றுதான். புத்தகத்தின் கடைசியில் இருந்த விடைகளில் உள்ள தப்புகூட மூன்று இடத்திலும் ஒரே தப்புதான். இத்தனை வருஷத்தில் இதனால் யாருக்கும் ஒரு தலைவலியும் வந்ததில்லை. ஆகவே, இதைச் சரிசெய்ய ஓர் ஆணையம் அமைத்தார்கள்.

பாட எண் ஒருமைப்பாட்டு ஆணையம் ஐந்து மாடிக் கட்டடத்தில் இருந்தது. வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டடத்தின் கதவு எண்களைக் கழற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு மாதிரி எண் போட்டிருந்தது ஒருமைப்பாட்டுக்கு ஒத்துவரவில்லையாம். புது எண் முடிவாகும்வரை அறைகளை நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈரக் குடை நாற்றம் அடித்தால் பதிவு அறை. பசை நாற்றம் அடித்தால் அனுப்புகை அறை. எந்த நாற்றமும் அடிக்காவிட்டால் தலைவர் அறை. அங்கே வேலை எதுவும் நடப்பதில்லை.

தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் முழுஎண். ஆள் உருண்டு திரண்டு இருப்பார். எதையும் பாதியாகத் தரவும் மாட்டார், பாதியாக வாங்கவும் மாட்டார். அவருக்குப் பின்னால் எப்போதும் ஓரடி தள்ளி நிற்கும் ஒல்லியான செயலருக்குப் பெயர் தசமம்.

டீச்சருக்கு இவர்கள் யாரையும் தெரியாது. தெருக்கோடியில் இருந்த தொடக்கப் பள்ளியில் அவள் இரண்டாம் வகுப்பு எடுத்தாள். நிரந்தரம் இல்லை, வருஷா வருஷம் ஒப்பந்தம். பகலில் பள்ளி, சாயங்காலம் மாலைக் கல்லூரி என்று அலைந்து அந்த 31-ஐ முதல் வகுப்பில் தேறியிருந்தாள். கணவன் தையல்காரன். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, அந்தப் பள்ளிக்கே சீருடை தைத்துக் கொடுத்தான். ஒரே மகள், அதே இரண்டாம் வகுப்பில் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அவள் ‘அம்மா டீச்சர்’ என்று கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் சமாளித்தாள்.

மகளுக்குக் கழித்தல் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும். டீச்சர் தையல்காரனின் பட்டன் டப்பாவை எடுத்து வந்து தரையில் பட்டன்களைப் பரப்பினாள்.

“பாரு, பத்து பட்டன் இருக்கு. நாலை எடுத்துட்டேன். மீதி எத்தனை?”

“எடுத்த நாலு எங்கம்மா?”

“டப்பாவுல போட்டுட்டேன்.”

“டப்பாவுல இருந்தா இருக்குதானே? அப்புறம் ஏன் இல்லன்னு எழுதணும்?”

முன்னறையில் மெஷின் நின்றது. “சரியாத்தானே கேக்கறா. இருக்கறதை இல்லன்னு எழுதறதுக்குக் கணக்குன்னா பேரு? எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு.”

“நீங்க காஜா எடுங்க, போதும்.”

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. இப்படிக் கேட்கிற பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாது, அந்தக் கேள்வியிலேயே கொஞ்ச நாள் உட்கார விட வேண்டும் என்று 31-ல் படித்திருந்தாள். வகுப்பில் இவளைப் போல இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறு பேரையும் தன் மேஜையை ஒட்டியே உட்கார வைத்திருந்தாள். இந்த வருஷம் முடிவதற்குள் கரையேற்றிவிடலாம் என்று நம்பினாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

அப்போதுதான் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார்.

“உங்க 31 செல்லாதாம் டீச்சர். ஒருமைப்படுத்தின எண்ணோட சான்றிதழ் கேக்கறாங்க. கால் பரீட்சை விடுமுறை முடியறதுக்குள்ள கொண்டாந்துடுங்க. இல்லன்னா ரெண்டாம் வகுப்பை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“ஒருமைப்படுத்தின எண் எதுங்க மேடம்?”

“அது இன்னும் முடிவாகலையாம். ஆனா கண்டிப்பா வேணுமாம்.”

ஈரக் குடை நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு டீச்சர் பதிவு அறைக்குப் போனாள். அங்கே மூன்று ஜன்னல்கள். மூன்றின் மேலும் எண் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. எந்த ஜன்னலில் எந்த வேலை என்று தெரியாததால் மக்கள் எல்லாரும் நடு ஜன்னலில் நின்றார்கள். நடுவில் இருப்பவர் எழுத்தர். இரண்டு ஓரத்திலும் இருந்தவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையில்லை என்று அவர்களுக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

“31-ஆ?” எழுத்தர் சான்றிதழை நுனியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். “இது பழைய 31-ம்மா.”

“புது 31-ன்னு ஒண்ணு இருக்குங்களா?”

“இல்ல. ஆனா இது பழசு.”

“நான் படிச்சது அந்தப் பாடம்தாங்க. புத்தகம்கூடக் கொண்டு வந்திருக்கேன்.”

“புத்தகமா?” எழுத்தர் ஓர ஜன்னல்காரர்களைப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். “இங்க புத்தகத்தை எல்லாம் தொறந்து பாக்க மாட்டோம்மா. அது ஒழுங்கு நடவடிக்கை ஆயிடும்.”

“அப்ப எப்பங்க புது எண் வரும்?”

“கூட்டம் போயிட்டிருக்கு.”

“எவ்வளவு நாளா?”

“நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியே ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க.” பிறகு இரக்கப்பட்டு, “கடைசிக் கூட்டத்துக்குப் பயனாளி ஒருத்தர் வேணும்னு கேட்டிருக்காங்க. ஒரு மாசமா ஆள் தேடறோம். நீங்க பயனாளியாயிடறீங்களா?” என்று கேட்டார்.

டீச்சர் பயனாளியானாள்.

கூட்டம் மேல்மாடியில் நடந்தது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பென்சில். பென்சில்களைச் சீவவில்லை. எழுத வேண்டி வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பயனாளிக்கு நாற்காலி போட மறந்துவிட்டார்கள். டீச்சர் சுவரோரம் நின்றாள்.

முதலில் மலைக் கல்லூரிப் பேராசிரியர் எழுந்தார்.

“எங்க மாணவர்கள் 210 படிச்சவங்க. அவங்களப் போய் 31-ன்னு சொன்னா, அவங்க அப்பா அம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? எண் பெருசா இருந்தாத்தான் படிப்பு பெருசா இருக்குன்னு அர்த்தம். இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

ஆற்றங்கரைக் கல்லூரிப் பேராசிரியர் கையை உயர்த்தினார். “பெருசா இருந்தா மட்டும் போதுமா? எங்க 104-ஐப் பாருங்க. நடுவுல பூஜ்யம். எவ்வளவு காற்றோட்டமா இருக்கு! பூஜ்யம் கண்டுபிடிக்க மனுஷன் எத்தனை காலம் பாடுபட்டான்? அதை நாங்க பாடத்துக்கு நடுவிலேயே வச்சிருக்கோம்.”

“210-லயும் பூஜ்யம் இருக்கு.”

“கடைசியில இருக்கு. வாசல்ல செருப்பு விட்ட மாதிரி.”

மாலைக் கல்லூரி முதல்வர் எழுந்திருக்கக்கூட இல்லை. “எங்களுது சின்ன எண்தாங்க. தூக்கிட்டுப் போறதுக்கு லேசா இருக்கும். எங்க பிள்ளைங்க பஸ்ல தொங்கிட்டு வர்றவங்க” என்றார். அவர் ஏழைகளின் பெயரைச் சொல்லி அனுதாபம் தேடுகிறார் என்று மற்ற இருவரும் ஒரே குரலில் கண்டித்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் முழுஎண் தொண்டையைச் செருமினார்.

“எனக்குக் கணக்கு வராது. அதை நான் எப்பவும் மறைச்சதில்ல. கணக்கு வராததுனாலதான் என்னை இங்க போட்டாங்க. கணக்கு வந்தவன் ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சிடுவான். எனக்கு 31-ம் ஒண்ணுதான், 210-ம் ஒண்ணுதான். மூணு பேருக்கும் மனசு நோகக் கூடாது. அதனால மூணையும் கூட்டுங்க. மூணால வகுங்க.”

தசமம் கூட்டினார். 345 வந்தது. மூன்றால் வகுத்தார். சரி பார்ப்பதற்கு ஒருமுறை திரும்பவும் வகுத்தார்.

“ஐயா... மீதியே இல்லீங்க. சுத்தமா 115.”

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். முழுஎண்ணின் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா? மீதி இல்லாம வகுபடுது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? இயற்கையே கையெழுத்துப் போட்டிருக்கு” என்றார்.

சுவரோரத்திலிருந்து டீச்சர் மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, என் பொண்ணு ஒருநாள் கேட்டா. அஞ்சாம் நம்பர் பஸ்ஸும் ஏழாம் நம்பர் பஸ்ஸும் மோதிக்கிட்டா பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸா ஆயிடுமான்னு. ஆகாதும்மா, அது வெறும் பேருதான், கூட்டக் கூடாதுன்னு நான்...”

“நல்ல கருத்து” என்றார் முழுஎண். “குறிச்சுக்குங்க.”

தசமம் குறித்துக்கொண்டார். கூட்டக் குறிப்பில் பிற்பாடு அது இப்படி வந்திருந்தது: ‘பயனாளி, ஆணையத்தின் முடிவை வரவேற்று, தம் பகுதிக்குக் கூடுதல் பேருந்து வசதி கோரினார்.’

அன்று வீட்டில் தையல்காரனிடம் சொன்னாள். அவன் நாடாவைக் கழுத்தில் போட்டபடி வெகுநேரம் சிரித்தான். “நான் மூணு பேருக்கு அளவெடுத்துச் சராசரியில ஒரே சட்டையாத் தெச்சுத் தர்றேன்னு வையி. கைதட்டுவாங்களா, கை வைப்பாங்களா?”

“எப்படியோ எண் வந்துடுச்சில்ல. இனி எனக்கு என்ன?” என்றாள் அவள். அவளுக்கும் அன்று சிரிப்பு வந்தது.

115 சும்மா கிடந்த எண் இல்லை. மலைக் கல்லூரியின் கால்நடைத் துறையில் அதற்கு ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது: கோழி நோய்கள். இது தெரிந்தபோது ஆணையம் பதறவில்லை. ‘ஓர் எண், ஒரு பாடம்’ என்பதுதான் அதன் வாசகம். அதைப் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். அதன்படி 115 இனிமேல் கணக்கு. கோழிக்கு வேறு எண் தர வேண்டும். காலியான எண்களில் 104-க்கும் 210-க்கும், அந்தப் பேராசிரியர்கள் மனம் கோணாதபடி, கௌரவ ஓய்வு கொடுத்தாயிற்று. மிச்சம் 31. கோழியும் சின்னதுதானே என்று 31-ஐக் கோழிக்குக் கொடுத்தார்கள்.

உத்தரவின் கடைசி வரியைத் தசமம் எழுதினார். அவர் இலக்கிய ஆர்வம் உள்ளவர். ‘இவ்வெண்கள் இன்று முதல் மட்டுமன்றி, என்றென்றைக்கும் செல்லும்’ என்று எழுதினார். என்றென்றைக்கும் என்றால் பின்னோக்கியும்தான் என்று சட்டப் பிரிவு விளக்கம் சொன்னது.

புதுச் சான்றிதழை எழுத்தர் ஜன்னல் வழியாக நீட்டினார். டீச்சர் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“இதுல நான் கோழி நோய்கள்ல தேறியிருக்கேன்னு போட்டிருக்குங்களே.”

“முதல் வகுப்புல.” எழுத்தர் அதை மறந்துவிடாதே என்பதுபோல விரலால் காட்டினார்.

“நான் கோழியைத் தொட்டதுகூட இல்லீங்க.”

“தொடாமலே முதல் வகுப்பு. தொட்டிருந்தா எங்கயோ போயிருப்பீங்க.” குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு நேரம் நல்லா இருக்கும்மா. 104 படிச்சவங்க, 210 படிச்சவங்கல்லாம் இப்ப எதுவுமே படிக்காதவங்க. காலையிலேருந்து அந்தப் படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டிருக்காங்க. உங்களுக்குக் கோழியாவது இருக்கு.”

மேல்முறையீடு செய்யலாம் என்று ஓர ஜன்னல்காரர் சொன்னார். அவர் அன்று பேசியது அது ஒன்றுதான். டீச்சர் எந்த நாற்றமும் அடிக்காத அறையைத் தேடிப் போனாள். முழுஎண் எழுந்து நின்று வரவேற்றார். பயனாளிகளிடம் அவருக்குப் பிரியம் அதிகம்.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா நீங்க என்ன படிச்சீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். அது உங்க அந்தரங்கம். நான் பாக்கறது எண்ணை மட்டும்தான். மனுஷங்க மேல நான் வச்சிருக்கற மரியாதை அது.”

“அப்ப 115-ஐ நான் திரும்பப் படிச்சுடறேன் ஐயா. அதே புத்தகம்தானே. இன்னைக்கே பரீட்சை வச்சாலும் எழுதறேன்.”

“115-ல புதுசா யாரையும் சேக்கறதில்லம்மா. தேவைக்கு மேல ஆள் இருக்காங்க. மலைக் கல்லூரியிலேருந்து மட்டும் எவ்வளவு பேர் தேறியிருக்காங்க தெரியுமா? எல்லாரும் நல்லவங்க. பண்ணையில இருக்காங்க.”

“ஐயா, என் வகுப்புல ஆறு பிள்ளைங்க இருக்காங்க. கழித்தல்ல தடுமாறுதுங்க. இப்ப விட்டா அப்படியே நின்னுடும். என் பொண்ணும் அதுல ஒருத்தி.”

முழுஎண் திடுக்கிட்டார். “உங்க பொண்ணு உங்க வகுப்பிலயா? அம்மாவே பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்து, பொண்ணுக்குப் புரிஞ்சும் தொலைச்சா, அது மத்தப் பிள்ளைங்களுக்குச் செய்யற துரோகம் இல்லையா?” தசமத்தின் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா, நாம ஒண்ணும் செய்யல. எண் தானாவே ஒரு முறைகேட்டைக் கண்டுபிடிச்சிருக்கு.”

அந்த வருட அறிக்கையில் அது ஆணையத்தின் சாதனைகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

பள்ளி திறக்கிற அன்று பொறுப்பை ஒப்படைக்க டீச்சர் போயிருந்தாள். வாசலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தகரத் தட்டு. அரசுக் கோழிப் பண்ணையில் பல வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். 115 தேறியவர். பண்ணைக்கு இப்போது 31 தேறியவர்தான் வேண்டும் என்பதால் அவரை அங்கிருந்து எடுத்து இங்கே போட்டுவிட்டார்கள். அவரிடத்துக்கு டீச்சரைப் போட்டிருந்தார்கள். உத்தரவு இரண்டும் ஒரே தாளில் இருந்தது.

“அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா.” பண்ணைக்காரருக்கு டீச்சரைவிட வயது அதிகம். ஆனாலும் அக்கா என்றார். “ராத்திரி எல்லாம் தூக்கமே இல்ல. இதுங்க ஒண்ணையொண்ணு கொத்திக்குமா?”

“கொத்தாதுங்க. கிள்ளும்.”

“தண்ணி?”

“அதுங்களே குடிச்சுக்கும். வெளிய போகணும்னா விரலைக் காட்டும், உடனே விட்டுடுங்க.” டீச்சர் வகுப்பறையைக் காட்டினாள். தன் மேஜையை ஒட்டியிருந்த பெஞ்சைக் காட்டினாள். “இந்த ஆறு பேர் மட்டும் கொஞ்சம் மெதுவா வருவாங்க. தலையைக் கவுந்துக்கிட்டு சும்மா உக்காந்திருப்பாங்க. திட்டாதீங்க. அதுங்க பாட்டுக்கு யோசிக்குதுங்க.”

பண்ணைக்காரர் அந்த ஆறு பேரையும் பார்த்தார். அவர் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. பழக்கப்பட்ட ஒன்றைப் பார்த்த மாதிரி இருந்தது.

“தலையைக் கவுந்துக்கிட்டா? அது எனக்குத் தெரியும்க்கா. அதை நான் பாத்துக்கறேன்.” பிறகு கூச்சத்தோடு, “அங்க உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

“எல்லாமே சொல்லணும்.”

அவர் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பண்ணைக்காரர் தகரத் தட்டை வகுப்பறை வாசலில் வைத்து மருந்துத் தண்ணீர் ஊற்றினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செருப்புக் காலை அதில் நனைத்துவிட்டு உள்ளே போனார்கள். டீச்சரின் மகள் திரும்பிப் பார்த்து, “டாட்டா அம்மா டீச்சர்” என்றாள்.

பண்ணை ஊருக்கு வெளியே இருந்தது. நீளக் கொட்டகைகள், கம்பி வலை, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிகள். டீச்சர் போய்ச் சேர்ந்த வாரமே கோழிகளுக்குச் சளி கண்டது. எந்தச் சளி என்று வேலையாட்கள் அவளைக் கேட்டார்கள். கொட்டகையில் முதல் வகுப்பில் தேறியவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியவில்லை. மருந்து அலமாரியில் இருந்த குப்பிகளில் எண் மட்டும் ஒட்டியிருந்தது. அந்த எண்களையும் ஆணையம் அண்மையில் ஒருமைப்படுத்தியிருந்தது.

கோழிகள் செத்தன. காலையில் எத்தனை இருந்தன, சாயங்காலம் எத்தனை குறைந்தன என்று அவள் தப்பில்லாமல் கழித்து எழுதி அனுப்பினாள். இவ்வளவு சுத்தமான கணக்கு இந்தப் பண்ணையிலிருந்து வந்ததே இல்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

வயதான வேலையாள் ஒருவர் அவளுக்கு ஒரே ஒரு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். “தலையைத் தொங்கப் போட்டுட்டு மூலையில நிக்கறதைப் பாத்தா, யோசிக்காம பிரிச்சிடணும்மா. கால்ல சிவப்பு வளையம் மாட்டிப் பின்னாடி கொட்டகையில விட்டுடணும். இல்லன்னா மத்ததுக்கும் ஒட்டிக்கும்.”

“அப்புறம்?”

அவர் கொட்டகைக்குப் பின்னால் வெட்டியிருந்த குழியைக் காட்டினார். ஓரத்தில் சுண்ணாம்பு மூட்டை சாய்த்து வைத்திருந்தது.

“குணமானா திரும்பச் சேத்துக்க மாட்டீங்களா?”

“குணமாகற வரைக்கும் யாரும்மா வச்சுப் பாக்கறது?”

நோய் வெளியே பரவக் கூடாது என்று, பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போகத் தடை. டீச்சர் அங்கேயே தங்கினாள். தினமும் போனில் தையல்காரனிடம் பேசினாள்.

“பாப்பா எப்படிப் படிக்கறா?”

“நல்லாத்தான் போறா. ஸ்கூலைப் பத்திக் கேட்டா நல்லா இருக்குங்கறா. முன்ன மாதிரி கேள்வியே கேக்கறதில்ல. தேறிட்டா போலிருக்கு.”

டீச்சருக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. சந்தோஷப்பட்டாள்.

அரைப் பரீட்சை முடிந்ததும் ஆணையம் ஒரு விழா வைத்தது. எண்ணை மாற்றிய பிறகு நாட்டிலேயே சராசரி அதிகமாக ஏறிய வகுப்பு, தெருக்கோடிப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு. விழாவுக்குப் பயனாளியும் வர வேண்டும் என்று ஓலை வந்தது. பண்ணையை விட்டு வெளியே போகத் தடை இருக்கிறதே என்று டீச்சர் கேட்டாள். ஆணையத்தின் நிகழ்ச்சிகளுக்குக் கிருமி வராது என்று தசமம் எழுத்தில் பதில் அனுப்பினார்.

பள்ளி முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இந்தமுறை பயனாளிக்கும் ஒன்று இருந்தது. முழுஎண் மைக்கைப் பிடித்தார்.

“சராசரி ஏறியிருக்கு. எப்படி ஏறிச்சு? பிள்ளைங்க படிச்சாங்களா? பிள்ளைங்க எப்பவும்தான் படிக்கறாங்க, அதுல என்ன இருக்கு. டீச்சர்ங்க சொல்லிக் குடுத்தாங்களா? அவங்களும் எப்பவும்தான் சொல்லிக் குடுக்கறாங்க. மாறினது ஒண்ணே ஒண்ணு, எண். நான் இந்த வகுப்புக்குள்ள போய்ப் பாக்கல. போய்ப் பாத்தா பாசம் வந்துடும், பாசம் வந்தா தூரம் போயிடும். தூரத்துலேருந்து பாத்தாத்தான் சராசரி தெரியும்.”

கைதட்டல். பண்ணைக்காரரை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். அவர் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்.

“உங்க முறையைக் கொஞ்சம் எல்லாருக்கும் சொல்லுங்களேன்” என்றார் முழுஎண்.

“முறைன்னு ஒண்ணும் இல்லீங்கய்யா. கணக்கெல்லாம் எனக்கு வராது. மந்தமா இருக்கறதைப் பாத்ததும் பிரிச்சிடறேன். மிச்சம் இருக்கறது தானா நல்லா வந்துடும்.”

“அற்புதம். பிரிச்ச பிறகு?”

பண்ணைக்காரரின் கண் கூட்டத்தில் டீச்சரைத் தேடியது. “அது... பண்ணையிலன்னா வேற. இங்க சும்மா பின்னாடி உக்கார வச்சிருக்கேன். அதுக்கு மேல என்ன செய்யணும்னு உத்தரவு எதுவும் வரலீங்க.”

“வரும், வரும்” என்றார் முழுஎண். “குறிச்சுக்குங்க.”

தசமம் குறித்துக்கொண்டார்.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தாள். யாரும் கவனிக்கவில்லை. வகுப்பறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மேஜையை ஒட்டியிருந்த பெஞ்ச் அங்கே இல்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் அந்தப் பெஞ்ச் கிடந்தது. ஆறு பேரும் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் காலிலும் ஒரு சிவப்பு வளையம்.

“அம்மா டீச்சர்!” மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “உம்மேல என்னம்மா இப்படி மருந்து நாத்தம்?”

“இங்க எப்பலேருந்துடி உக்காந்திருக்கீங்க?”

“சார் வந்ததுலேருந்து. சார் நல்லவரும்மா. திட்டவே மாட்டாரு. தினமும் வந்து நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டுப் போவாரு.”

“அப்பாகிட்ட ஏன் சொல்லல?”

“வளையம் சார் குடுத்த பரிசுன்னு சொல்லிட்டேன். நிஜத்தைச் சொன்னா நீ வேலைய விட்டுட்டு வந்துடுவ. அங்க கோழிக்கெல்லாம் உடம்பு சரியில்லல்ல?”

டீச்சர் குனிந்து அந்த வளையத்தைக் கழற்றப் பார்த்தாள். பண்ணை வளையம், வெட்டாமல் கழறாது. அவளுக்கு அது தெரியும்.

“அம்மா, எனக்குக் கழித்தல் புரிஞ்சிடுச்சு” என்றாள் மகள். சொல்லவேண்டும் என்று வெகுநாளாகச் சேர்த்து வைத்திருந்த முகம். “வகுப்புல முப்பது பேரு. ஆறு பேரை எடுத்தாச்சு. மீதி இருபத்து நாலு. எடுத்தது எங்க போகும், எங்க போகும்னு கேட்டுட்டே இருப்பேன்ல? இங்கதாம்மா வருது. இருக்கோம். ஆனா இல்லன்னு எழுதணும்.”

“சரியாச் சொல்ற” என்றாள் டீச்சர்.

முற்றத்தில் கைதட்டல் கேட்டது. மற்ற ஐந்து பேரும் கூடவே கைதட்டினார்கள். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

“அம்மா.”

“ம்.”

“உங்க பண்ணையிலயும் இப்படிப் பிரிச்சு வைப்பீங்களாமே, சார் சொன்னாரு. பிரிச்சதை அப்புறம் எப்பம்மா திரும்பச் சேத்துப்பீங்க?”

டீச்சர் கோழி நோய்களில் முதல் வகுப்பில் தேறியவள். அந்தக் கேள்விக்கு விடை அவளுக்குத் தெரிந்திருந்தது.